தாழ்ந்த ஒலிக்கான ஆம்ப்ளிஃபயர்: படுக்கையறை ஸ்ட்ரீமிங் அமைப்பு பற்றிய ஆய்வு

படுக்கையறை இசை அமைப்பு மிக எளியது. இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தர ஒரு ஸ்ட்ரீமர், அதன் மெல்லிய சிக்னலை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவாக்க ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர்; அவ்வளவுதான். இவற்றுள் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழப்பம் அதிகம். கடையில் அதை வாட் கணக்கில் அளந்து காட்டுகிறார்கள். கருவி அதிகபட்சம் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதற்கான குறிப்பு அது. படுக்கையறையிலோ இரவு பத்து மணிக்கு மேல், சுவருக்கு அப்பால் யாரோ உறங்கிக்கொண்டிருக்க, ஒலியைக் குறைத்து வைத்தே கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தத் தாழ்ந்த ஒலியில் ஆம்ப்ளிஃபயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இங்கே ஆராயத்தக்கது. கல்யாண மண்டபத்துக்கும் பெரிய கூடத்துக்கும் பொருந்தும் அளவுகோல்கள் இந்த அறையில் பெரும்பாலும் உதவுவதில்லை.

வாட் கணக்கை முதலில் பார்க்கலாம். நகரத்து வீடுகளில் படுக்கையறை ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. கேட்பவர் ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டர் தொலைவில் இருப்பார். சிறிய ஸ்பீக்கர்களின் உணர்திறன் பெரும்பாலும் 84 முதல் 90 டெசிபெல் வரை. அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் அவ்வளவு ஒலி கிடைக்கும். 86 டெசிபெல் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டால், 2 மீட்டரில் அது 80 ஆகக் குறையும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தால் 83. சுவர்களின் எதிரொலி இதை இன்னும் சற்று உயர்த்தும். இரவில் நிதானமாகக் கேட்கும் ஒலியின் சராசரி 63 டெசிபெல் அளவில் இருந்தால், அதற்கு ஒரு ஸ்பீக்கருக்குத் தேவைப்படுவது ஒரு வாட்டின் நூறில் ஒரு பங்கு. மிருதங்கத்தின் ஓங்கிய அடி, பித்தளைக் கருவிகளின் திடீர் முழக்கம் போன்ற உச்சங்கள் சராசரிக்கு 20 டெசிபெல் மேலே போனாலும் 1 வாட் போதும். பகலில் 75 டெசிபெல் சராசரியில் கேட்டால் உச்சங்களுக்கு ஏறக்குறைய 16 வாட் வேண்டும். ஆகவே ஒரு பக்கத்துக்கு உண்மையான 20 முதல் 30 வாட் இருந்தால் இந்த அறைக்குத் தாராளம். இதை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வேறுபாடு. ஒலி இருமடங்கு உரத்துக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் தேவை. 1978-இல் வெளிவந்த, நாட் நிறுவனத்தின் 3020 ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கத்துக்கு 20 வாட் மட்டுமே என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, உலகெங்கும் வீட்டு அறைகளில் நெடுங்காலம் நின்றது.

அந்த "உண்மையான" என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் ஆயிரம், இரண்டாயிரம் என்று பிஎம்பிஓ வாட் அச்சிடப்பட்டிருந்தது. கண நேர உச்சத்தையும் தாண்டிக் கற்பனையாகக் கூட்டிய அந்த எண்ணுக்கு எந்த முறையான அளவீடும் அடிப்படையாக இருந்ததில்லை. அமெரிக்காவில் இத்தகைய மிகைக் கணக்குகளைக் கட்டுப்படுத்த, தொடர்ச்சியாகத் தரக்கூடிய ஆற்றலையே குறிப்பிட வேண்டும் என்று 1974-இலேயே கூட்டாட்சி வணிக ஆணையம் விதி வகுத்தது. இன்றைய சிறு ஆம்ப்ளிஃபயர்களில் மிகை வேறு வடிவில் வருகிறது. அவற்றின் ஐசி தயாரிப்பாளர்கள் தரும் வாட் கணக்கு பல நேரம் 10 சதவீதச் சிதைவில் அளந்தது. அந்த அளவு சிதைந்த ஒலியை யாரும் விரும்பிக் கேட்கமாட்டார்கள். இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. அடாப்டரில் இயங்கும், பின்னால் விளக்கப்போகும் டி வகை ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை, அடாப்டரின் வோல்டேஜ் வரைதான் ஸ்பீக்கருக்கு உச்சம் தர முடியும். அந்த வோல்டேஜைத் தன்னாலேயே பெருக்கி, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 16-ஆலும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8-ஆலும் வகுத்தால் அதிகபட்ச வாட் கிடைக்கும். 24 வோல்ட் அடாப்டரில் 8 ஓமுக்கு 36 வாட். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 22 வாட்டுக்குச் சற்று மேல். பெட்டியில் "100 + 100" என்று இருந்தாலும் இதற்கு மேல் வராது. நல்ல செய்தி என்னவென்றால், படுக்கையறைக்கு அந்த 22 வாட்டே போதும்.

இனி தாழ்ந்த ஒலியின் சிக்கல்கள். முதலாவது, பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரிலிருந்து வரும் "உஸ்" என்ற இரைச்சலும் "ம்ம்" என்ற ஹம்மும். கூடத்தில் யாரும் கவனிக்காத இந்த ஒலி, தலையணைக்கு அருகே ஸ்பீக்கர் இருக்கும் அறையில் உறக்கத்தைக் கெடுக்கும். இதைக் கணக்கிடவும் முடியும். 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் வெளியிடும் இரைச்சல் 1 மில்லிவோல்ட் என்றால், 1 மீட்டரில் அது ஏறக்குறைய 19 டெசிபெல். அமைதியான இரவில் அருகே சென்றால் காதில் விழும். அதே இரைச்சல் 0.2 மில்லிவோல்ட் என்றால் 5 டெசிபெல். எந்த அறையிலும் கேட்காது. மின்விசிறி சுழலும் அறையில் விசிறிச் சத்தமே இதையெல்லாம் மூடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மார்கழி மாதத்தில் விசிறியை நிறுத்தியதும் இரைச்சல் தலைகாட்டும். வாங்கும்போது வாட்டைவிட இந்த எண்ணையே விசாரிக்க வேண்டும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை முழு ஆற்றலில் மட்டும் சொல்லும் விவரக் குறிப்பு இங்கே போதாது. 1 வாட்டில் அளந்த விகிதமோ, மில்லிவோல்ட்டில் சொன்ன இரைச்சலோதான் பயன்படும்.

இரண்டாவது சிக்கல் தேவைக்கு மேற்பட்ட பெருக்கம். பழைய டேப் டெக்குகளும் ட்யூனர்களும் வலுக்குறைந்த சிக்னல் தந்தன. அவற்றுக்காக ஆம்ப்ளிஃபயர்களில் பெருக்கம் அதிகமாக வைக்கப்பட்டது. சிடி பிளேயர் வந்தபின் 2 வோல்ட் என்பது வழக்கமாகி, இன்றைய ஸ்ட்ரீமர்களும் அதையே தருகின்றன. பெருக்கம் அதிகமுள்ள ஆம்ப்ளிஃபயரில் இந்தச் சிக்னல் நுழைந்தால் வால்யூம் குமிழை ஒரு நூல் அளவு திருப்பியதுமே அறை நிறைந்துவிடும். இரவில் கேட்பவர் குமிழின் அடிப்பகுதியிலேயே தடவிக்கொண்டிருக்க நேரும். அந்த அடிப்பகுதியில்தான் குமிழ் மிக மோசமாக வேலை செய்கிறது. இடது, வலது பக்கங்களுக்கான இரண்டு மின்தடைப் பாதைகளும் ஒரே அச்சில் சுழன்றாலும் தொடக்கத்தில் அவை துல்லியமாக ஒத்துப்போவதில்லை. ஒரு பக்கம் முந்திக்கொள்ள, பாடகரின் குரல் நடுவிலிருந்து ஓரமாக நகர்ந்துவிடும். வேறு எந்தக் குறையையும்விட இது படுக்கையறையில் எரிச்சலூட்டும் குறை. தீர்வுகள் உண்டு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 போன்ற ஐசிகளில் பெருக்கத்தை 20, 26, 32, 36 டெசிபெல் என்று சர்க்யூட்டிலேயே அமைக்கலாம். குறைந்த பெருக்கத்தில் அமைத்த பலகை படுக்கையறைக்கு ஏற்றது, இரைச்சலும் அதில் குறையும். மின்தடைகளைப் படிப்படியாக மாற்றும் டிஜிட்டல் கட்டுப்பாடுள்ள ஆம்ப்ளிஃபயர்களில் இரு பக்கமும் எந்த அளவிலும் ஒத்தே இருக்கும். குமிழைப் பாதியில் நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமரில் ஒலியைக் குறைப்பதும் நல்ல வழியே. டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும், 24 பிட்டில் வேலை செய்யும் இன்றைய மாற்றிகளில் அதனால் இழப்பது காதுக்கு எட்டாத அளவே.

மூன்றாவது, சிதைவு. ஏபி வகை ஆம்ப்ளிஃபயரில் அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ் பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. ஒன்று மற்றொன்றிடம் ஒப்படைக்கும் இடத்தில் சிறு தடுமாற்றம் நேர்கிறது. அலை பெரிதாக இருக்கும்போது அது மறைந்துவிடும். சிறிதாக இருக்கும்போது அதன் பங்கு கூடும். அதாவது இந்தச் சிதைவு தாழ்ந்த ஒலியில்தான் அதிகம் வெளிப்படும். இதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது எதிர்ப் பின்னூட்டம் என்ற உத்தி. பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் 1927 ஆகஸ்ட் 2 அன்று படகில் வேலைக்குப் போகும் வழியில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே அதன் வரைபடத்தைப் போட்டார். வெளியேறும் சிக்னலின் ஒரு பங்கை உள்ளே திருப்பி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் அந்த ஏற்பாடு இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இன்று அரிது. ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர்கள், அவற்றின் எல்லைக்குள் இயங்கும்வரை, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதபடி ஒலிக்கின்றன. 1987-இல் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், எது ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் நடத்திய ஒப்பீட்டிலும், மிக மலிவானதையும் மிக விலை உயர்ந்ததையும் கேட்டவர்களால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை. ஆகவே "இனிமையான ஆம்ப்ளிஃபயர்" என்று தேடிப் பணத்தைச் செலவழிப்பதைவிட, மிஞ்சும் பணத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுவதே சரி. ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் கேட்கும்.

நான்காவது சிக்கல் கருவியில் இல்லை, காதில் இருக்கிறது. ஒலி தாழத் தாழ, மனிதக் காது கீழ்ச் சுரங்களை மிக வேகமாக இழக்கிறது. 1933-இல் பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைந்தார்கள். இன்று அதற்கு ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெலில் கேட்கும்போது, 100 ஹெர்ட்ஸ் அதே அளவு உரத்துக் கேட்க ஏறக்குறைய 64 டெசிபெலும், 50 ஹெர்ட்ஸுக்கு 78 டெசிபெலும் வேண்டும். இரவில் தாழ்த்தி வைத்த கச்சேரியில் பாடகரின் குரல் இருக்கும், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி காணாமல் போகும். திரைப்பாடலில் பாஸ் கிட்டார் தேய்ந்து, பாட்டின் அடித்தளமே சரிந்தது போலிருக்கும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இதற்கென்றே "லவுட்னஸ்" பொத்தான் இருந்தது. சுத்தமான ஒலி என்ற பெயரில் அதைப் பல நிறுவனங்கள் கைவிட்டது இந்த அறையைப் பொறுத்தவரை பெரிய இழப்பு. யமஹா ஏ-எஸ்301 போன்ற ஆம்ப்ளிஃபயர்களில் தொடர்ச்சியாகத் திருப்பக்கூடிய லவுட்னஸ் குமிழை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அது இல்லாத இடத்தில் பாஸ் குமிழோ ஸ்ட்ரீமரின் ஈக்வலைசரோ வேண்டும். ஒலியின் தொனியைத் திருத்த எந்த வழியும் இல்லாத ஆம்ப்ளிஃபயர், எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், இரவுக் கேட்புக்குக் குறையுள்ளதே. ஈக்வலைசருக்கு இன்னொரு பயனும் உண்டு. பன்னிரண்டு அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒரு சுரம் மட்டும் சுவர்களுக்கிடையே தங்கி முழங்கும். அந்த ஓர் இடத்தை மட்டும் தணித்துவிடலாம்.

சர்க்யூட் வகைகளில் இன்று வீட்டுக்கு வருபவை ஏபி, டி என்ற இரண்டுமே. ஏ வகை அழகானது. ஆனால் பாடாதபோதும் முழு மின்சாரத்தையும் வெப்பமாக்கும் கருவியைப் படுக்கையறையில் வைக்கக் காரணமில்லை. டி வகையில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறப்பதும் மூடுவதுமாக விநாடிக்குப் பல லட்சம் முறை இயங்கி, இறுதியில் ஒரு வடிகட்டி வழியே இசையைப் பிரித்தெடுக்கின்றன; எடுத்த மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குப் போகும். இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் 1964-இலேயே எக்ஸ்-10 என்ற டி வகைத் தொகுப்பை விற்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களின் வேகம் போதாததால் அது நன்றாக அமையவில்லை. 1990களின் பிற்பகுதியில் டிரைபாத் நிறுவனத்தின் ஐசிகளும், அடுத்து பிலிப்ஸில் புரூனோ புட்ஸிஸ் வகுத்த சர்க்யூட்டும் வந்த பிறகே டி வகை மதிப்புப் பெற்றது. இன்று படுக்கையறைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: தலைமாட்டில் மத்திய அலை வானொலி வைத்திருப்பவர்களுக்கு அதன் ஓயாத மின்துடிப்பு இடையூறு செய்யலாம், பலவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனையும் மின்னோட்டம் சுமப்பதால், இரு பக்கக் கறுப்பு வயர்களை ஒன்றாக முறுக்கி இணைக்கக்கூடாது.

சும்மா இருக்கும்போது ஆம்ப்ளிஃபயர் என்ன செய்கிறது என்பதும் இந்த அறையில் முக்கியம். ஏபி வகை பாடாமல் இருந்தாலும் 20 முதல் 40 வாட் வரை இழுக்கும். 30 வாட் என்று வைத்தால், அணைக்காமல் விட்டால் ஆண்டுக்கு 263 யூனிட். கோடையில் அதனால் வரும் வெப்பத்தையும் அறையே தாங்க வேண்டும். தானாக உறங்கி, பாட்டு வந்ததும் தானாக எழும் வசதி இருந்தால் நல்லது. ஆனால் சில கருவிகள் சிக்னலின் வலுவைப் பார்த்தே உறங்கவோ விழிக்கவோ முடிவு செய்கின்றன. மிகத் தாழ்வாக ஒலிக்கும் தம்புராவை மௌனம் என்று எண்ணிப் பாட்டின் நடுவே அணைந்துவிடும். பெரிய டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயரை, சதுர அலை தரும் பழைய வகை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மரே உறுமும். அடாப்டரில் இயங்குவதற்கு அந்தத் தொல்லை இல்லை. நீல நிற விளக்கு இரவு முழுதும் கண்ணில் குத்துகிறதா, அதை மங்கச் செய்ய வழி உண்டா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

எந்த வடிவில் வாங்குவது என்பதற்கு மூன்று பாதைகள். ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருப்பது முதலாவது. வீம் ஆம்ப், புளூசவுண்ட் பவர்நோட், சோனோஸ் ஆம்ப் ஆகியவை இவ்வகை. வீம் ஆம்ப் 8 ஓமுக்கு 60 வாட் தருகிறது. மேலே சொன்ன கணக்குப்படி அது தேவையின் இரண்டு மடங்கு. ஒரே பிளக், ஒரே செயலி, சுவரோரம் ஒரு கையகல இடம் என்று படுக்கையறைக்கு மிகப் பொருந்துவது இதுவே. இரண்டாவது, சாதாரண ஆம்ப்ளிஃபயரோடு தனி ஸ்ட்ரீமரைச் சேர்ப்பது. மூன்றாவது, ஆம்ப்ளிஃபயரை உள்ளடக்கிய ஸ்பீக்கர்கள். இவற்றில் பொருத்தம் தயாரிப்பாளரே பார்த்தது. ஆனால் இரைச்சலை முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்பது கட்டாயம், பழுதானால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே கடைக்குப் போகும்.

முதல் இரண்டுக்கும் இடையே தீர்மானிப்பது ஆயுள். நல்ல ஆம்ப்ளிஃபயர் முப்பது ஆண்டு உழைக்கும். ஸ்ட்ரீமிங் பகுதியின் ஆயுள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. கூகுள் 2015-இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோவின் தயாரிப்பை 2019 தொடக்கத்திலேயே நிறுத்தியது. சோனோஸ் தன் பழைய கருவிகளுக்கான புதிய மேம்பாடுகளை 2020-இல் நிறுத்தியது. லாஜிடெக் 2012-இல் கைவிட்ட ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளோ, அவற்றின் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் கையில் இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஒரே பெட்டியை வாங்குவோர் அதில் அனலாக் உள்ளீடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங் பகுதி ஒருநாள் செத்தாலும் சிறு ஸ்ட்ரீமர் ஒன்றைச் செருகி ஆம்ப்ளிஃபயரைத் தொடர்ந்து பயன்படுத்த அது உதவும். கைவேலை தெரிந்தவர்கள் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் வால்யூமியோ போன்ற மென்பொருளை ஏற்றித் தாங்களே ஸ்ட்ரீமர் செய்துகொள்ளலாம்.

ப்ளூடூத் மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபயர் மலிவு. எஸ்பிசி என்ற ஒலிச் சுருக்க முறையில் அது விநாடிக்கு 328 கிலோபிட் வரையிலும், சோனியின் எல்டாக்கில் 990 வரையிலும் அனுப்பும். தாழ்ந்த ஒலியில் இந்த வேறுபாட்டைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. உண்மையான குறை வேறு. பாட்டு போன் வழியாகவே போவதால், அழைப்பு வந்தால் நிற்கும், குறுஞ்செய்தி மணியும் ஸ்பீக்கரில் ஒலிக்கும், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் அறுந்துவிடும். வைஃபையில் ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறைகளில் ஸ்ட்ரீமர் நேரே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்; போன் ரிமோட் மட்டுமே. சிடி தரப் பாட்டுக்குக் கூட விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும் என்பதால் இணைய வேகம் ஒரு தடையே அல்ல.

இணைக்கும்போது, ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை) ஆம்ப்ளிஃபயர் அனுமதிக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. தாழ்ந்த ஒலியில் 4 ஓம், 8 ஓம் இரண்டும் சிக்கலின்றி ஓடும். வயருக்கு, வீட்டு வயரிங்கில் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு போதும். மூன்று மீட்டர் நீளத்தில், போய்வரும் இரு இழைகளும் சேர்ந்து அதன் தடை 0.07 ஓம் அளவே.

புதிது வாங்க மனமில்லாதவர்களுக்குச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் வீட்டு ஒலி அங்கே வாங்கிய எல்ஏ4440, டிடிஏ2030, எஸ்டிகே வகை ஐசிகளில் அசெம்பிள் செய்த பெட்டிகளிலிருந்து வந்தது. எல்ஏ4440 ஒரு பக்கத்துக்குத் தருவது 6 வாட். படுக்கையறைக்கு அந்த 6 வாட்டும் போதுமானதாகவே இருந்தது. ஆனால் அத்தகைய பெட்டிகளில் டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடமும் எர்த் வயர் போகும் பாதையும் செய்தவரின் கவனத்தைப் பொறுத்தவை; ஹம் பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது. பழைய பிராண்டட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் பார்க்க வேண்டியவை சில. ஸ்பீக்கர் முனைகளில் சிக்னல் இல்லாதபோது மல்டிமீட்டர் காட்டும் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் சுத்தம் செய்தால் போகும். ஒரு பக்கம் விட்டு விட்டு ஒலித்தால் பெரும்பாலும் ரிலே தேய்ந்திருக்கும், அதை மாற்றுவது எளிது. பவர் பகுதியின் பெரிய மின்தேக்கிகள் வறண்டு தலைப்பக்கம் உப்பியிருந்தால், அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பேச வேண்டும். சோதிக்கும்போது கடைக்காரர் விரும்பும் அளவுக்கு ஒலியை ஏற்றிக் கேட்பதால் தெரிவது கொஞ்சமே. கதவைச் சாத்தி, குமிழை அடிப்பகுதியில் வைத்து, ஒற்றைக் குரல் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, குரல் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துப் பார்க்க வேண்டும்.